டி.டி.கே. வியாபாரியா, மந்திரியா? 1958இல் அவர் ஏன் பதவி விலகினார்?

செந்தூர் வாசகன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கல்லூரியில் அடுத்த மாதம் பட்டிமன்றம். தலைப்பு: "வியாபாரிகள் நாடாளுமன்றத்துக்குப் போகலாமா, கூடாதா?" எனக்குக் கொடுத்திருப்பது "போகலாம்" அணி. வியாபாரியாக இருந்து நேரு காலத்தில் நிதியமைச்சரான டி.டி.கிருஷ்ணமாச்சாரியை (டி.டி.கே.) முன்னிறுத்திப் பேசலாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

காரணம் சொந்த ஊர்ப் பாசம்தான். 1962இல் அவர் எங்கள் திருச்செந்தூர் தொகுதியிலிருந்து போட்டியின்றி மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். என் தாத்தாவுக்கு அதுதான் முதல் ஓட்டு. இருபத்தொரு வயது நிரம்பி, வேட்டி மாற்றிக்கொண்டு சாவடிக்குப் போனால் சட்டமன்றத்துக்கான ஒரே ஒரு சீட்டைத்தான் கொடுத்தார்களாம். "தில்லிக்கு உள்ளது எங்கே?" என்று கேட்டதற்கு, "அது ஏற்கெனவே முடிந்துவிட்டது, நீங்கள் போகலாம்" என்று பதில். "பெண்ணைப் பார்க்காமலே கல்யாணம் முடிந்த கதை" என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் படிக்கப் படிக்கக் குழப்பம்தான் மிஞ்சுகிறது. ஒரு பக்கத்தில் அவர் ஊழல் செய்து பதவி இழந்தவர். இன்னொரு பக்கத்தில் அப்பழுக்கற்றவர், பலிகடா. முந்த்ரா என்பவரின் கம்பெனிப் பங்குகளை எல்.ஐ.சி. வாங்கிய விவகாரத்தில் அவர் பணம் வாங்கினாரா? வாங்கவில்லை என்றால் ஏன் விலகினார்? விலகியவர் மறுபடியும் அதே நிதியமைச்சர் நாற்காலிக்கு எப்படி வந்தார்? அவர் பதவியால் அவருடைய கம்பெனி வளர்ந்ததா? எதிரணியில் நன்றாகப் படித்த ஒரு பெண் இருக்கிறார். அரைகுறையாகப் போய் நின்றால் மானம் போய்விடும்.

பழைய கோப்பு எழுதியது:

தம்பி, முதல் கேள்விக்கு நேரான பதில்: இல்லை. அவர் பணம் வாங்கினார் என்று விசாரணைக் கமிஷன் சொல்லவில்லை. அன்றைய எதிர்க்கட்சிக்காரர்களும் அப்படி நிரூபித்ததில்லை. பலிகடா என்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நான் எல்.ஐ.சி.யின் மும்பை மத்திய அலுவலகத்தில், முதலீட்டுப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்து அதிகாரியாக ஓய்வு பெற்றவன். நான் சேர்ந்தபோது முந்த்ரா விவகாரம் முடிந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் யாராவது ஒரு கோப்பைக் கொண்டுவந்து "மேலே சொல்லிவிட்டார்கள்" என்றால், எங்கள் கண்காணிப்பாளர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "மேலே என்றால் யார்? கையெழுத்து எங்கே?" என்று கேட்பார். கோப்பின் ஓரத்தில் யாருடைய சுருக்கொப்பமாவது இல்லாமல் அது அவர் மேஜையைத் தாண்டாது. அந்த மனிதருக்கு அந்தப் பயம் எப்படி வந்தது என்று துருவப் போய்த்தான் நான் இந்த வரலாற்றுக்குள் விழுந்தேன்.

நடந்தது இது. 1956 செப்டம்பர் 1 அன்று எல்.ஐ.சி. பிறந்தது. அதுவரை தனியாரிடம் இருந்த 245 இன்ஷூரன்ஸ் நிறுவனங்களையும் சேமநலச் சங்கங்களையும் ஒன்றாக இணைத்தார்கள். தேசியமயமாக்கியவர் அப்போதைய நிதியமைச்சர் சி.டி.தேஷ்முக். பம்பாய் மாநிலப் பிரிவினை விஷயத்தில் மனம் கசந்து அவர் விலகிவிட, அந்த இடத்துக்கு வந்தவர் டி.டி.கே. ஆக, குழந்தையைப் பெற்றவர் ஒருவர், வளர்க்க வேண்டிய பொறுப்பு இவருக்கு.

குழந்தைக்கு ஒரு வயது நிரம்பவில்லை. 1957 ஜூன் மாதம் ஹரிதாஸ் முந்த்ரா என்ற கல்கத்தாப் பங்குச் சந்தை வியாபாரியின் பிடியில் இருந்த ஆறு கம்பெனிகளின் பங்குகளை எல்.ஐ.சி. சுமார் ஒண்ணேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியது. ரிச்சர்ட்சன் குருடாஸ், ஜெஸ்ஸாப், பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷன் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. பெயரெல்லாம் பெரிய பெயர்தான், ஆனால் முந்த்ராவுக்கு அப்போது கழுத்துவரை கடன். சந்தையில் வாங்கவில்லை, அவரிடமிருந்தே நேராக வாங்கினார்கள். எல்.ஐ.சி.க்கு என்று ஒரு முதலீட்டுக் குழு இருந்தது. அதனிடம் முன்கூட்டிக் கேட்கவில்லை. கொடுத்த விலையும் அன்றைய சந்தை விலையைவிட அதிகம். எங்கள் பிரிவில் வேலை பார்த்தவனுக்கு இந்த மூன்றையும் அடுத்தடுத்துப் படித்தால் வயிற்றைக் கலக்கும். ஒன்றே போதும் வேலை போவதற்கு.

1957 டிசம்பர் 16 அன்று மக்களவையில் இதைப் பிரித்துப் போட்டவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். ரேபரேலி காங்கிரஸ் உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன், பெரோஸ் காந்தி. தேதி வாரியாக, விலை வாரியாகப் படித்தார். சொந்தக் கட்சி, மாமனாரின் அரசாங்கம் என்று பார்க்கவில்லை. பட்டிமன்றத்தில் நீங்கள் டி.டி.கே.யைப் புகழப் போகிறீர்கள், சரி. ஆனால் அந்த அவையின் நாயகன் யார் என்று கேட்டால் என் ஓட்டு பெரோஸுக்குத்தான்.

1958 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி.சாக்ளாவை ஒரு நபர் கமிஷனாக நியமித்தார்கள். விசாரணை பம்பாயில், பொதுமக்கள் முன்னிலையில். கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி கட்டினார்கள். நிதித் துறையின் முதன்மைச் செயலர் எச்.எம்.படேல் சாட்சி சொன்னார், ரிசர்வ் வங்கி கவர்னர் சொன்னார், கடைசியில் மந்திரியே வந்து சொன்னார். ஒரு மாதத்துக்குள் அறிக்கை தயார். இன்றைய கமிஷன்கள் எத்தனை முறை கால நீட்டிப்பு வாங்குகின்றன என்று எனக்கு நினைவூட்டாதீர்கள், ரத்த அழுத்த மாத்திரை போட்டுக்கொள்பவன்.

அங்கேதான் முடிச்சு. படேல் சொன்னது: மந்திரியிடம் வாய்மொழியாகச் சொன்னேன், அவர் சரி என்றார். மந்திரி சொன்னது: நான் இந்தப் பேரத்துக்குச் சம்மதம் கொடுக்கவில்லை. இரண்டு பேரும் பெரிய மனிதர்கள். இரண்டு பேரிடமும் ஒரு துண்டுக் காகிதம் இல்லை! சாக்ளா சொன்ன தீர்ப்பின் சாரம்: மந்திரி தன் செயலரின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது, துறையில் நடந்ததற்கு அவர்தான் பொறுப்பு. பிப்ரவரியில் டி.டி.கே. விலகினார். இந்த விஷயத்தில் அவருடைய பங்கு மிகச் சிறியது என்பதுதான் நேருவின் எண்ணம். ஆனாலும் ராஜிநாமாவை ஏற்றுக்கொண்டார். அந்த மாதக் கடைசியில் நேருவே எழுந்து நின்று பட்ஜெட் படித்தார்.

இனி என் சொந்தக் கருத்து. டி.டி.கே. விழுந்தது வியாபாரியின் பழக்கத்தால். பேராசையால் அல்ல, பழக்கத்தால். நல்ல வியாபாரிக்குச் சொல்தான் சொத்து. "அனுப்பிவிடுங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்ற ஒரு வார்த்தையில் பத்து மூட்டைச் சரக்கு கைமாறும். சீட்டு கேட்பவனைச் சந்தேகக்காரன் என்பார்கள். அந்த உலகத்தில் அது பெருமை. அரசாங்கத்தில் அது ஆபத்து, ஏனென்றால் அங்கே பணம் பேசுகிறவருடையது அல்ல. மாதாமாதம் சம்பளத்தில் பிரீமியம் பிடித்துக்கொடுத்த பள்ளிக்கூட வாத்தியாருடையது. மேஜையின் இரண்டு பக்கத்திலும் மற்றவர் பணத்தை வைத்துக்கொண்டு வாய்ச்சொல்லில் பேசினால், கடைசியில் யார் சொன்னார் என்று தேடத்தான் வேண்டியிருக்கும்.

ஆகவே உங்கள் அணிக்கு இது சாதகமா பாதகமா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பாத்திரக்கடை மகன் எழுதியது:

பெரியவர் மந்திரியின் கதையைச் சொல்லிவிட்டார். கடைக்காரரின் கதையை நான் சொல்கிறேன், அது எங்கள் வீட்டுத் தொழிலோடு ஒட்டியது.

டி.டி.கே. 1899இல் சென்னையில் பிறந்தவர், அப்பா உயர் நீதிமன்ற நீதிபதி. வக்கீல் ஆகியிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். இவரோ 1928இல் டி.டி.கிருஷ்ணமாச்சாரி அண்டு கம்பெனியைத் தொடங்கி லீவர் சோப்பு விற்கப் போனார். இன்றைக்கு ஏஜென்சி, விநியோகம் என்றெல்லாம் சாதாரணமாகச் சொல்கிறோம். அன்று சீமைச் சரக்கை ஊர் ஊராகச் சில்லறைக் கடைவரை கொண்டுபோய்ச் சேர்ப்பது இங்கே புதிய வித்தை. கப்பலில் வரும் சரக்கு, அதற்குக் கிடைக்கும் கமிஷன், அதைக் கொண்டு ஒரு பெரிய நிறுவனம். 1937இல் சென்னை சட்டமன்றத்துக்குச் சுயேச்சையாகப் போனபோது அவர் தேர்ந்த வியாபாரி. பொதுவாழ்க்கைக்கு வந்த பிறகு நிர்வாகம் பிள்ளைகளின் கைக்குப் போயிற்று.

"பதவியால் கம்பெனி வளர்ந்ததா?" என்பதற்கு எனக்குப் பிடித்த பதில் இதுதான். 1952இல் அவர் வர்த்தக, தொழில் துறை மந்திரி. அந்நியச் செலாவணி இல்லை, உள்நாட்டுத் தொழில் வளர வேண்டும் என்று இறக்குமதியை இறுக்கிய காலம் அது. இறக்குமதி நின்றால் முதலில் அடிவாங்குவது யார்? இறக்குமதிச் சரக்கை விற்கிற ஏஜென்ட். அதாவது இவருடைய சொந்தக் குடும்பம். அப்பா தில்லியில் கதவைச் சாத்துகிறார், சென்னையில் பிள்ளைகளின் கிடங்கு காலியாகிறது. விற்கச் சரக்கு இல்லை என்றால் தாங்களே செய்துதான் விற்க வேண்டும். அப்படித்தான் 1959இல் பிரெஸ்டீஜ் பிரஷர் குக்கர் வந்தது. அதை முன்னின்று நடத்தியவர் மகன் டி.டி.நரசிம்மன். பிரிட்டனின் பிரெஸ்டீஜ் நிறுவனத்தோடு தொழில்நுட்பக் கூட்டு.

எங்கள் தாத்தா குக்கரைக் கடையில் வைத்தபோது அதை வாங்கிப் போக ஆள் இல்லையாம். "வெடிக்கும்" என்று பயம். கடை வாசலில் மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்து, பருப்பு வேகவைத்துக் காட்டுவாராம். விசில் அடித்ததும் பாதிக் கூட்டம் ஓடிவிடும், மீதிப் பாதி பருப்பைத் தொட்டுப் பார்க்க வரும். அந்த மீதிப் பாதியிடம்தான் வியாபாரம்.

இன்னொன்று. 1957 பட்ஜெட்டில் செல்வ வரியையும் செலவு வரியையும் கொண்டுவந்தவர் இதே மனிதர். பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் கால்டோரின் யோசனை அது. வியாபாரியை மந்திரி ஆக்கினால் வியாபாரிக்குச் சலுகை தருவார் என்று நம்பியவர்கள் வாயடைத்துப் போனார்கள். எங்கள் கடைத்தெருவில் அவரை வைத வசவை இங்கே எழுத முடியாது. செல்வ வரி 2015 பட்ஜெட்டில்தான் ஒழிந்தது. பட்டிமன்றத்தில் இதைச் சொல்லுங்கள், கைத்தட்டல் வரும்.

எதிர்த்தரப்பு எழுதியது:

நான் வழக்குரைஞர். மேலே இருவரும் சொன்னவை சரியான தகவல்கள்தான், ஆனால் வசதியாக 1958இலேயே நின்றுவிட்டார்கள். கேள்வி கேட்டவர் பட்டிமன்ற மேடையில் நிற்கும்போது எதிரணி 1965ஐத்தான் எடுக்கும். நானாக இருந்தால் அதைத்தான் எடுப்பேன்.

டி.டி.கே. இரண்டு முறை நிதியமைச்சர், இரண்டு முறையும் ராஜிநாமா. இரண்டாவது 1965 டிசம்பர் 31 அன்று. மகன்களின் நிறுவனங்களுக்கு அவர் பதவி உதவியது என்று நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியிடம் மனுக் கொடுத்தார்கள். குற்றச்சாட்டுகளில் முகாந்தரம் உண்டா என்று உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியிடம் கருத்துக் கேட்கலாம் என்று சாஸ்திரி நினைத்தார். டி.டி.கே.க்கு அது பிடிக்கவில்லை. பிரதமருக்கு என் மீது நம்பிக்கை இருந்தால் அவரே சொல்லட்டும், இல்லாவிட்டால் நான் போகிறேன் என்ற நிலை. போனார். பதினோரு நாள் கழித்துச் சாஸ்திரி தாஷ்கண்டில் காலமானார்.

குற்றம் நிரூபிக்கப்படவில்லை. அதில் எனக்கும் வாதம் இல்லை. என் வாதம் வேறு. பாத்திரக்கடை நண்பர் சொல்கிற அந்த அழகான கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் கொள்கையால் இறக்குமதி நின்றது, பிள்ளைகள் உற்பத்திக்கு மாறினார்கள், அவர்களோடு போட்டி போட வெளிநாட்டுச் சரக்கும் வர முடியாது. இதை நட்டம் என்றும் சொல்லலாம், பாதுகாப்பு என்றும் சொல்லலாம். உரிமமும் பர்மிட்டும் கோலோச்சிய காலத்தில் தொழில் மந்திரியின் வீட்டிலேயே தொழில் இருந்தால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் சந்தேகம் விலகாது. ஒரு நீதிபதியின் முன் அவர் மகன் வழக்காடினால் தீர்ப்பு நியாயமாகவே இருக்கலாம். தோற்றவர் நம்ப மாட்டார்.

இப்போது உள்ள விதிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். எம்.பி. ஆகிறவர் தன் தொழிலை விட வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் இல்லை. 102ஆம் பிரிவு தடுப்பது அரசின் கீழ் ஆதாயம் தரும் பதவியை; தனியார் வியாபாரத்தை அல்ல. மாநிலங்களவை உறுப்பினர்கள் இயக்குநர் பதவி, பெரும்பான்மைப் பங்கு, ஊதியம் பெறும் ஆலோசகர் வேலை போன்ற நலன்களைப் பதிவேட்டில் அறிவிக்க வேண்டும். மந்திரிகளுக்கு என்று உள்ள நடத்தை நெறி, வியாபார நிர்வாகத்தோடு உள்ள தொடர்பை அறுத்துக்கொள்ளச் சொல்கிறது, ஆனால் உடைமையை விற்கச் சொல்லவில்லை. பதவியை விட்டு இறங்கிய மந்திரி மறுநாளே ஒரு கம்பெனியின் இயக்குநராகப் போய் உட்கார்ந்தாலும் தடுக்க வழியில்லை. ஓய்வு பெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரிக்காவது தனியார் வேலைக்குப் போகக் காத்திருப்புக் காலம் உண்டு.

வியாபாரிகள் நாடாளுமன்றத்துக்குப் போகட்டும், நான் மறுக்கவில்லை. மந்திரி ஆகும்போது குடும்பத்தின் கல்லாப்பெட்டியும் கூடவே போகிறதா என்பதுதான் கேள்வி.

பழைய கோப்பு எழுதியது:

வழக்குரைஞர் நன்றாகத்தான் இடித்திருக்கிறார். கடைசி வரி மட்டும் கொஞ்சம் மேடைப் பேச்சு.

1965ஐ நான் விட்டதற்குக் காரணம், அது கமிஷன் வரை போகவில்லை. சாட்சி இல்லை, குறுக்கு விசாரணை இல்லை, அறிக்கை இல்லை. விசாரணையை வேண்டாம் என்றவர் அவரே என்பதை நான் மறைக்கவில்லை. 1958இல் ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்ற மனிதர் இரண்டாம் முறை அந்தப் பக்கம் போக விரும்பாததில் எனக்கு வியப்பும் இல்லை. ஆனால் தாத்தாவின் எம்.பி.யைப் பற்றிப் பேச வந்த பையனுக்கு இது சங்கடம்தான். விசாரணையை எதிர்கொண்டிருந்தால் இன்றைக்கு யாரும் "நிரூபிக்கப்படவில்லை" என்று இழுத்துப் பேச வேண்டியிருக்காது.

தம்பி கேட்ட மூன்றாவது கேள்வி பாக்கி இருக்கிறது: எப்படித் திரும்பி வந்தார்? இதில் ஒரு நாற்காலி விளையாட்டே நடந்திருக்கிறது. 1958இல் டி.டி.கே. எழுந்தார், நேரு சில நாள்கள் பார்த்துக்கொண்டார், மொரார்ஜி தேசாய் உட்கார்ந்தார். 1962இல் திருச்செந்தூர் வழியாக டி.டி.கே. மறுபடியும் மந்திரி, முதலில் இலாகா இல்லாமல், பிறகு பொருளாதார, பாதுகாப்பு ஒருங்கிணைப்பு. 1963இல் காமராஜ் திட்டம். மூத்த மந்திரிகள் பதவி துறந்து கட்சிப் பணிக்குப் போக வேண்டும் என்றதில் மொரார்ஜி எழுந்தார். அதே நாற்காலியில் டி.டி.கே. உட்கார்ந்தார்.

இன்னும் முடியவில்லை. சாக்ளா முன்னால் நின்ற செயலர் எச்.எம்.படேலை நினைவிருக்கிறதா? அரசுப் பணியை விட்டார், சுதந்திராக் கட்சியில் சேர்ந்தார், மக்களவைக்கு வந்தார். 1977இல் மொரார்ஜி பிரதமர் ஆனதும் இந்திய நிதியமைச்சர் யார்? எச்.எம்.படேல்! "மந்திரி சொன்னார், நான் செய்தேன்" என்று சாட்சி சொன்ன அதிகாரி, பத்தொன்பது வருடம் கழித்து அதே துறையின் மந்திரி. இனி அவருக்குக் கீழே ஒரு செயலர். அந்தச் செயலரிடம் அவர் எதையாவது வாய்மொழியாகச் சொல்லியிருப்பாரா என்று எனக்கு நெடுநாள் ஆசை, தெரிந்துகொள்ள.

சென்னை அண்ணா சாலையில் எல்.ஐ.சி. கட்டடத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். 1959 ஆகஸ்டில் அதைத் திறந்துவைத்தவர் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய். ஒரு பேரம் கெடாமல் இருந்திருந்தால் சொந்த ஊரில், அன்றைய சென்னையின் மிக உயர்ந்த கட்டடத்தின் வாசலில், கத்தரிக்கோல் யார் கையில் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அவர் திரும்பி வந்து செய்ததையும் சொல்ல வேண்டும். 1964இல் யூனிட் டிரஸ்ட் தொடங்கியது, தொழில் வளர்ச்சி வங்கியான ஐ.டி.பி.ஐ. தொடங்கியது. இரண்டும் அவர் நிதியமைச்சராக இருந்தபோது. யூனிட் டிரஸ்ட் என்ன செய்தது? சிறு சேமிப்புக்காரர்களிடம் பணம் திரட்டிப் பங்குகளில் போட்டது. பங்கு வாங்கிய விவகாரத்தில் பதவி இழந்தவர், மத்தியதர வர்க்கத்தைப் பங்குச் சந்தைக்கு அழைத்துப் போகிற நிறுவனத்தை உண்டாக்குகிறார். பிலாய், ரூர்கேலா, துர்காபூர் உருக்காலைகளில் முதல் ஆட்சிக் காலத்திலேயே அவர் கை உண்டு. இப்படி ஆலை, நிறுவனம் என்று எழுப்புவதில் அவருக்கு ஒரு வெறி இருந்தது; அது கமிஷன் ஏஜென்டின் புத்தி அல்ல.

பாத்திரக்கடை நண்பரே, கடை வாசலில் பருப்பு வேகவைத்த தாத்தாவுக்கு என் வணக்கம். எங்கள் வீட்டில் அம்மா முதல் ஆறு மாதம் குக்கரை அடுப்பில் வைத்துவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

நெல்லைச் சீமை எழுதியது:

எல்லாரும் பணத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். அரசியல் நிர்ணய சபையில் அவர் 1948 நவம்பர் 5 அன்று பேசிய பேச்சை யாரும் தொடவில்லையே? வரைவுக் குழுவில் ஏழு பேர். ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில், இன்னும் சிலர் தில்லிக்கு வெளியே. ஆகவே அரசியல் சட்டத்தை எழுதிய பாரம் முழுவதும் அம்பேத்கர் ஒருவர் தோளில் விழுந்தது என்று அவையில் பதிவு செய்தவர் டி.டி.கே.தான். பின்னர் அவரும் அந்தக் குழுவில் சேர்ந்தார். அம்பேத்கர் எழுதவே இல்லை என்று அவ்வப்போது யாராவது கிளப்பும்போது எடுத்துக் காட்டுகிற சான்று இதுதான்.

அதே பேச்சில் இந்தித் திணிப்பையும் ஒரு பிடி பிடித்திருக்கிறார். தெற்கே பிரிவினை பேசுகிறவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள், முழு இந்தியா வேண்டுமா இந்தி இந்தியா வேண்டுமா என்பதை ஐக்கிய மாகாணத்து (இன்றைய உத்தரப் பிரதேசம்) நண்பர்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்கிற தொனி. திராவிட இயக்கத்துக்காரர் அல்ல, மயிலாப்பூர்ப் பக்கத்து வியாபாரி பேசியது. சோப்பு விற்றவருக்குத் தென்னாட்டின் நாடி தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். ஊர் ஊராகச் சரக்கு அனுப்பியவருக்கு எந்த ஊரில் எந்தப் பேச்சு செல்லும் என்று தெரியாமலா இருக்கும்? "போகலாம்" அணிக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

செந்தூர் வாசகன் எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. ஐயா, வழக்குரைஞர் சொன்ன 1965ஐ நானே முதலில் எடுத்துச் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். எதிரணிப் பெண் எழுந்து சொல்வதற்குள் நான் சொல்லிவிட்டால் அவருக்கு வேறு ஆயுதம் தேட நேரம் ஆகும். பெரோஸ் காந்தி பேசியதை மூலத்திலேயே படிக்க முடியுமா? மேற்கோளை இணையத்தில் ஆளுக்கொரு விதமாகப் போட்டிருக்கிறார்கள்.

பழைய கோப்பு எழுதியது:

முடியும். நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளத்தில் மக்களவை விவாதங்கள் ஸ்கேன் செய்து வைக்கப்பட்டிருக்கின்றன. 1957 டிசம்பர் 16 என்று தேதி போட்டுத் தேடுங்கள். ஆங்கிலத்தில் இருக்கும், எழுத்து சில இடங்களில் மங்கல். பெரோஸ் பேச்சோடு நிறுத்திவிடாமல் டி.டி.கே. கொடுத்த பதிலையும் சேர்த்துப் படியுங்கள். அவருக்கு நாக்குக் கூர்மை அதிகம், அது அங்கே தெரியும். நிர்ணய சபை விவாதங்களும் கிடைக்கின்றன. நெல்லைக்காரர் சொன்ன பேச்சுக்கு 1948 நவம்பர் 5.

மேடையில் மேற்கோள் சொல்லும்போது தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். நடுவர் என்னைப் போன்ற ஆளாக இருந்தால் "எங்கே எழுதியிருக்கிறது?" என்று கேட்பார். தாத்தாவை முன்வரிசையில் உட்கார வையுங்கள். 1962இல் திருச்செந்தூர்ச் சாவடியில் ஒரே சீட்டு வாங்கிய சாட்சியை எதிரணி எங்கே போய்த் தேடும்?